ஆள் உட்காராத சீட்டு

ஏறுங்க தம்பி, ஏறுங்க. ஈரோடுதானுங்களே? நானும் அங்கதான் போறேன். கோபி ஸ்டாப்புல இந்த வெயில்ல எத்தனை நேரந்தான் நிப்பீங்க? இருங்க, இருங்க, அப்படிப் பொத்துன்னு உக்காந்துடாதீங்க. இந்தச் சீட்டுல உக்கார்றதுக்கு ஒரு பக்குவம் இருக்குதுங்க. மொதல்ல வலது பக்கமா பாரத்தை வைங்க. வெச்சாச்சுங்களா? இப்ப மெல்ல இடது பக்கம். ஓரத்துல மேடா ஒண்ணு தட்டுப்படுதுங்களே, அதுக்குக் கொஞ்சம் தள்ளி. அது ஒண்ணுமில்லீங்க, கம்பி. நாம அதைச் சீண்டாம இருந்தா அதுவும் நம்மளைச் சீண்டாது. முதுகை நேரா வெச்சுக்கோங்க. சாயாதீங்க. சாய்ஞ்சா அது பின்னாடி மடங்கிரும், அப்புறம் நீங்க பின் சீட்டுலதான் கெடப்பீங்க. தலையை மட்டும் கொஞ்சம் குனிஞ்சாப்புல. கூரை தாழ்வுன்னு நெனச்சுக்காதீங்க, உங்களைக் கொஞ்சம் உசரமா உக்கார வெச்சிருக்கறேன். மரியாதைதானுங்களே.

இப்பச் சொல்லுங்க, எப்படி இருக்குது? பரவால்லைங்களா? ஆங்! இந்த ஒரு வார்த்தையைத்தான் யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். வெளி மனுசன், படிச்ச பையன், மொத தடவை உக்கார்றீங்க, நீங்களே பரவால்லைங்கறீங்க. என்ற சம்சாரத்துக்கு மட்டும் இந்தச் சீட்டு ஆகாதாமுங்க.

எம்பேரு அர்த்தநாரி. சக்கரை ஆலையில டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். சம்சாரம் பேரு ருக்குமணி. அவ இப்ப எங்க போறான்னு நெனைக்கறீங்க? ஈரோட்டுக்குத்தான். நான் போற அதே ஊட்டுக்குத்தான். எங்க பொண்ணு பூரணியைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரோணும். போன வாரம் சம்பந்தி ஊட்டுல கட்டுச்சோத்து விருந்து முடிஞ்சுது, இன்னிக்கு நாள் நல்லாருக்குது. புருசன் காருல போறான், பொண்டாட்டி பஸ்ஸுல போறா. எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு சொன்னாங்க பாருங்க, அன்னிக்குப் புடிச்சுது எனக்குச் சனி. முன்னல்லாம் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போறதுன்னாலும் டிக்கெட்டுக்கு நம்மகிட்டத்தான் வந்து நிக்கோணும். பாதி கோவம் அங்கயே போயிரும். இப்பக் கோவத்துக்கும் டிக்கெட் இல்லை.

இந்த வண்டி வாங்கறப்ப பூரணி வயித்துல இருந்தா. ஆஸ்பத்திரியில இருந்து புள்ளையைக் கூட்டிட்டு வர்றதுக்குன்னே வாங்கினேன். எங்க வீதியில அப்பக் காருன்னா இது ஒண்ணுதான். ஷோரூம்ல இருந்து வர்றப்ப சீட்டு மேல பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தாங்க. நான் அதைக் கிழிக்கலீங்க. ஊருல அவனவன் வாங்கின அன்னிக்கே கிழிச்சுப் போட்டான், நான் கிழிக்கலை. கம்பெனி சீட்டு அழுக்காகாம இருக்கோணுமுங்களே. "வழுக்குதுங்க, வெயிலுக்கு ஒடம்போட ஒட்டிக்குதுங்க"ன்னு ருக்கு அப்பவே ஆரம்பிச்சுட்டா. சரின்னு அது மேல துண்டுத்துணியில ஒரு கவர் தெச்சுப் போட்டேன். துண்டு நைஞ்சு போச்சு, அது மேல ரெக்சின். ரெக்சின் வெடிச்சுது, அது மேல வெல்வெட்டு. கீழ என்னமோ குத்துதுன்னா, முதுகுக்கு நல்லதுன்னு மரமணி கோத்த விரிப்பு ஒண்ணு வாங்கினேன். மணியும் குத்துதுன்னா, அது மேல ஒரு தலைகாணி. எதையும் கழட்டலீங்க. கழட்டினா அடியில இருக்கறது அழுக்காயிருமே! நீங்க இப்ப உக்காந்திருக்கறது அத்தனைக்கும் மேல. அதான் தலை கூரையைத் தொடுது.

அவ குறை சொன்னப்பல்லாம் நான் ஒரு கவர் போட்டிருக்கறேன். இதுக்கு மேல ஒரு புருசன் என்னதாங்க பண்ணுவான்?

அய்யோ, பள்ளம்! தலை பலமாப் பட்டுதுங்களா? ரோடு சரியில்லீங்க. தேய்ச்சு விடுங்க, வீங்காது. பாருங்க, ரோட்டைச் சொல்லாம சீட்டைச் சொல்றவளை என்ன பண்றது?

முதுகு வலின்னு டாக்டர்கிட்டக் கூடப் போனோம். இதே வண்டியிலதான் போனோம். போய் எறங்கறப்ப முன்னைக்கு வலி அதிகமாயிருச்சுன்னா. நல்லதுதான், டாக்டருக்கு நல்லாத் தெரியுமுன்னு சொன்னேன். அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, "அடிக்கடி கார்ல போவீங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு. இவ என்னையத் திரும்பிப் பாத்தா. நான் உடுவனா? "ஏனுங்க அம்மணி, நானும் அதே கார்லதான் போறேன், எனக்கு வலிக்கலையே"ன்னேன். அந்தப் பொண்ணு மாத்திரை எழுத ஆரம்பிச்சுருச்சு. படிச்சா மட்டும் போதுமுங்களா?

அப்புறம் தை மாசம் என்ற மச்சினன் ஊட்டுக் கல்யாணம். பூரணி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலை, அதைக் கட்டிட்டு வந்தா ருக்கு. மண்டபத்து வாசல்ல எறங்கறா, சர்ருனு ஒரு சத்தம். கம்பி புடிச்சு இழுத்துருச்சு. பின்னால கையகலத்துக்குக் கிழிசல். எனக்கும் சங்கடந்தான். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்களா? "இதுக்குத்தான் நூல் சேலை கட்டுன்னு சொல்றது"ன்னு சொன்னேன். வேறொண்ணுமே சொல்லலை. கல்யாணம் பூராவும் சுவத்தை ஒட்டியே நின்னுட்டிருந்தா. அண்ணன் ஊட்டுக் கல்யாணம், பந்தியில உக்காரக்கூட வரலை. சாயங்காலம் நான் வண்டியை எடுத்துட்டு வந்து பாத்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல நிக்கறா. "அந்தச் சீட்டை மாத்தறவரைக்கும் நான் இந்த வண்டியில ஏற மாட்டனுங்க"ன்னா. கத்தலை, அழுகலை. உப்புத் தீந்து போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. பஸ்ஸு வந்துச்சு, ஏறிப் போயிட்டா.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு பாத்தேன். தை போச்சு, மாசி போச்சு. பங்குனியில எத்தனை விசேசம்! நான் வண்டியில போய் எறங்குவேன், அவ பஸ்ஸை விட்டெறங்கி வெயில்ல நடந்து வருவா. சனம் சும்மா இருக்குமா? "என்ன அர்த்தநாரி, ஊட்டுல அம்மா வரலியாட்ட இருக்குது?"ம்பான். அவ எனக்குப் பின்னாலயே வந்துட்டிருக்கறது அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் கேப்பான்.

என்னங்க? மாத்திரலாமேங்கறீங்களா? நீங்களுமா? சரி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தச் சீட்டுல யாரு உக்கார்றா? அவதான் ஏற மாட்டேங்கறாளே! ஆள் உக்காராத சீட்டுக்கு எவனாச்சும் செலவு பண்ணுவானுங்களா? அவ ஏறட்டும், மறுநாளே மாத்தறேன். இதை அவகிட்டச் சொன்னேன். சிரிச்சா தம்பி. நல்ல ஞாயத்தைச் சொன்னா சிரிக்கறவகிட்ட என்ன பேசறது?

என்ற சீட்டுங்களா? இது நல்லாருக்குதுங்க. இதை எப்பவோ மாத்தியாச்சு. எனக்கு ஒருக்கா இடுப்புல சுருக்குன்னுச்சு. நான் ஒடம்பை அலட்சியம் பண்றவனில்லை. அன்னிக்கே நேரா குஷன் கடைக்கு விட்டேன். அந்தக் கடைக்காரன் ஒவ்வொரு கவரா உரிச்சான். கடைசியில கம்பெனி பிளாஸ்டிக். அதையும் எடுத்தான். உள்ள துணியைப் பாக்கோணுமே, நேத்து ஷோரூம்ல இருந்து வந்தாப்புல! ஒரு கறை இல்லை, ஒரு கீறல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கலை. "பாத்துக்கய்யா, வண்டின்னா இப்படி வெச்சிருக்கோணும்"ன்னேன். அவன் ஒரு வெரலை வெச்சு அமுத்தினான். உள்ள இருந்த ஸ்பாஞ்சு பொலபொலன்னு மாவாக் கொட்டிச்சு. மேல புதுசு, உள்ள ஒண்ணுமே இல்லை. "இடது பக்கமும் இப்படித்தாங்க இருக்கும், சேத்துப் பண்ணிரலாமுங்களா?"ன்னான். யாவாரி புத்தி எங்க போகும்? "ஓட்டறவனுக்குத்தான்யா நல்ல சீட்டு வேணும், சும்மா உக்காந்து வர்றவளுக்கு என்ன"ன்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன். ருக்கு கடை வாசல்லதான் நின்னுட்டிருந்தா. காதுல உழுந்திருக்காது.

நெளியாதீங்க தம்பி. நெளிஞ்சீங்கன்னா கம்பி எடம் மாறும். கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்களா? அது மரத்துப் போறது. எறங்கி நடந்தீங்கன்னா சரியாயிரும்.

சித்திரையில இருந்து ருக்கு போக்கே சரியில்லீங்க. கவுந்தப்பாடியில அவ தங்கச்சி ஊடு இருக்குது. தெனமும் காலையில சோறாக்கி வெச்சுட்டு டவுன் பஸ் ஏறி அங்க போயிர்றா. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் தெனமும் பேசறதுக்கு என்னதான் இருக்குமோ. என்னையத்தான் பேசுவாங்க, வேற யாரை? ஊட்டுக்கு வந்தாலும் ஆள் ஒரு மாதிரியாத்தான் இருக்கறா. டிவி பாக்கறப்ப தாம்பாளத்தை ரெண்டு கையிலயும் புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பறா. கீழ காலு ரெண்டும் மாத்தி மாத்தித் தரையை அமுத்துது. "என்ன புள்ள இது?"ன்னா, "முதுகுக்குப் பயிற்சிங்க"ங்கறா. நான் வண்டி எடுக்கறப்பல்லாம் வாசல்ல வந்து நின்னு என்ற கையையும் காலையும் பாத்துட்டே நிப்பா. பாவமா இருக்கும் தம்பி. ஏறி உக்காரோணும்னு ஆசை, வீம்பு உட மாட்டேங்குது.

ஒரு நாள் கேக்கறா, "ஏனுங்க, மேட்டுல நிக்கற வண்டியைப் பின்னாடி உருளாம எப்படிங்க எடுக்கறது?"ன்னு. எனக்குச் சந்தோசமாயிருச்சு. இத்தனை வருசத்துல என்ற திறமையைப் பத்தி அவ கேட்டதே இல்லை. சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, கிளச்சு எங்க நிக்கோணும், ஹேண்ட் பிரேக்கை எப்ப உடோணும்னு பொறுமையா வெளக்கிச் சொன்னேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கிட்டா. நான் சொல்லி அவ இவ்வளவு கவனமாக் கேட்டது எங்க கல்யாணத்துக்கப்புறம் அன்னிக்குத்தான். மனசு எறங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதெல்லாம் போகட்டும். நேத்து வந்துச்சு பாருங்க பூரணி போன், அதுதான் என்னால தாங்க முடியலை. "அப்பா, டாக்ஸி சொல்லியாச்சுங்க. உங்க மாப்பிள்ளையே என்னையக் கொண்டாந்து உட்டுருவாரு, நீங்க சிரமப்படாதீங்க"ங்கறா. எனக்கென்ன சிரமம்? எதுக்குன்னு சொல்லோணுமில்ல? கேட்டதுக்கு, "அந்தச் சீட்டுல என்னால முடியாதுங்கப்பா"ன்னா. போனை வெச்சுட்டு வாசல்லயே நின்னுட்டேன். அழுகை வந்துருச்சு தம்பி, அதை எதுக்கு மறைக்கோணும்? இந்த வண்டியை நான் வாங்கினதே அவளுக்காக. பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து இதுலதான் வந்தா. நீங்க உக்காந்திருக்கற இதே சீட்டுலதான் ருக்கு புள்ளையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா. தையல் போட்ட ஒடம்பு, பச்சைப் புள்ள, ரோடெல்லாம் ஜல்லி. நான் நடந்து போறவன் தாண்டிப் போற வேகத்துலதான் ஓட்டினேன். வழி பூரா பிளாஸ்டிக் கவர் கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம். அந்தச் சத்தம் கேட்டுட்டுப் புள்ள தூங்கிருச்சு. இப்ப அந்தப் புள்ளைக்கு ஒரு புள்ள. அதே வண்டியில அவளைக் கூட்டிட்டு வரோணும்னு நான் நெனைக்கக் கூடாதுங்களா? என்ற புள்ளையை எவனோ டாக்ஸிக்காரன் கூட்டிட்டு வந்து எறக்கி உடுவான், நான் கதவைத் தொறந்து உடோணுமா?

"டாக்ஸியை நிறுத்தி வெய்யி கண்ணு, நான் நேர்ல வர்றேன், வண்டியைப் பாத்துட்டுச் சொல்லு"ன்னுட்டேன். பின்னால பாருங்க. மெல்லத் திரும்புங்க, கழுத்துப் புடிச்சுக்கும். ஊட்டுல இருந்த தலைகாணி பூராவும் எடுத்து வெச்சிருக்கறேன். ருக்குகிட்ட, "நீயாச்சும் அவகிட்டச் சொல்லு புள்ள"ன்னேன். "கவுந்தப்பாடியில சம்பந்திக்கு நாட்டுச்சக்கரை வாங்கோணும், நான் முன்னால போறனுங்க"ன்னு காலையிலயே பஸ் ஏறிட்டா. கல்லு மனசு.

என்னங்க? கவுந்தப்பாடியிலயே எறங்கிக்கறீங்களா? ஈரோடுன்னுதான ஏறுனீங்க? திடீர்னு ஒரு வேலை ஞாபகம் வந்துருச்சுங்களா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், சும்மா உக்காருங்க. உங்களை மாதிரிப் பொறுமையாக் கேக்கற ஆளு எனக்கு எங்க கெடைக்கறாங்க.

அட! அங்க நிக்கறது ருக்குதானுங்க! சக்கரைப் பையோட, அந்த மரத்தடியில. கை காட்டறா! தம்பி, பாத்தீங்களா, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டறா! தை மாசத்துல இருந்து இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். எறங்கி வருவான்னு எனக்குத் தெரியும். சித்த நீங்க பின் சீட்டுக்குப் போயிருங்க, அது அவ சீட்டு. எறங்கறப்பக் கம்பியைப் பாத்து.

வா புள்ள, வா. பஸ்ஸு கெடைக்கலையா? செரி, நான் ஒண்ணும் கேக்கலை. இவரு ஈரோடு வர்றாரு, நம்ம தம்பி மாதிரி. ஏறு. அட, அந்தப் பக்கம் புள்ள, இடது பக்கம். ஏன் என்ற கதவைத் தொறக்கறே? எறங்கோணுமா? நானா? எதுக்கு?

இதென்ன அட்டை? உன்ற போட்டோ போட்டிருக்குது. லைசென்ஸா? ஆருக்கு? உனக்கா? எப்ப வாங்கினே? சித்திரையில இருந்து இங்க வந்தது டிரைவிங் ஸ்கூலுக்கா? தங்கச்சி ஊடுன்னு சொன்னே! ஓ, அந்தத் தாம்பாளம். காலைக் காலை அமுத்தினது. மேட்டுல உருள்ற வண்டி. அத்தனையும் நானே உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கறேன்.

இங்க பாரு, சக்கரை மண்டிக்காரங்கெல்லாம் பாக்கறாங்க, ஊட்டுல போய்ப் பேசிக்கலாம். என்ன? மறுக்காச் சொல்லு. ஓட்டறவங்களுக்குத்தான் நல்ல சீட்டுன்னு நானே சொன்னனா? நான் எப்பச் சொன்னேன்? ஓ. குஷன் கடை. காதுல உழுந்துருச்சாக்கும். அது சும்மா பேச்சுக்குச் சொன்னது புள்ள, அதை இத்தனை நாளா வெச்சிருந்தியா?

கேட்டீங்களா தம்பி ஞாயத்தை? நான் இடது பக்கம் உக்காந்து ஈரோடு வரைக்கும் வரோணுமாம். போய்ச் சேந்ததும், பூரணியை இந்தச் சீட்டுல ஏத்தலாம்னு என்ற வாயால சொல்லோணுமாம். சொல்லிட்டேன்னா டாக்ஸியை இவளே போகச் சொல்லிருவாளாம். இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாடகம்? நகரு புள்ள. நீங்களே சாட்சி தம்பி. இந்த மனுசன் கோபியில இருந்து இதுலதான் வந்தாரு, வாயைத் தொறந்து ஒரு குறை சொல்லலை, கேட்டுப் பாரு.

ம். எடு வண்டியை. கிளச்சு மெதுவா. பரவால்லை, நல்லாத்தான் எடுக்கறே. சொல்லிக் குடுத்தவன் யாரு? இதென்ன இது, காலை எங்க வெக்கறது? மொதல்ல வலது பக்கம், அப்புறம் இடது... ஸ்ஸ்! ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, கம்பி. நீ ரோட்டைப் பாரு. அங்க பள்ளம், பள்ளம், ருக்கு பள்ள... ஆத்தா!

ஒண்ணுமில்லை. தலைதான். ரோடு சரியில்லை.

ரோடு சரியில்லைன்னுதான் சொன்னேன், அதுக்கு எதுக்குச் சிரிக்கறே? கொஞ்சம் மெதுவாப் போ. இன்னும் கொஞ்சம். சித்தோடு எப்ப வரும்? இப்பத்தான் கெளம்பினோமா?

இதுலயா புள்ள, பச்சைப் புள்ளைக்காரியா இருந்தப்ப நீ... செரி, செரி. அப்பப் புதுச் சீட்டு.

ஏம்புள்ள, பூரணிக்கு ஒரு போன் போடோணுமே. நீ ஓட்டு, நானே போடறேன். நாம பொழுது சாயக் கெளம்பலாம்னு சொல்லிடறேன். இப்ப வெயிலு. வெயிலுக்குத்தான் சொல்றேன், வேற ஒண்ணுமில்லை. ஆமா, ஈரோட்டுல நல்ல குஷன் கடை எங்க இருக்குதோ? விசாரிச்சு வெச்சுட்டியா? நம்ம வண்டிக்காகக் காலையில இருந்து எடம் ஒழிச்சு வெச்சிருக்கறானா? இருப்பே, நீ இருப்பே.

தம்பி, நீங்க எதுக்குங்க தலைகாணியில சாய்ஞ்சுட்டுச் சிரிக்கறீங்க? கோபியில இருந்து இதுலதான வந்தீங்க? அத்தனை தூரம்? வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? வாயைத் தொறந்து யாராச்சும் சொன்னாத்தானுங்களே மனுசனுக்குத் தெரியும்?